பந்தியில் அவர்களுக்கும் ஓர் இடம்



ஆண்டுதோறும் நம் பங்குகளில் முதல்நன்மை வகுப்புக்குப் பெயர் பதியும் காலம் வரும்போது, ஒருசில வீடுகளில் மட்டும் அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைக்கு எட்டு வயது நிறைந்துவிட்டது, ஒன்பதும் ஆகிவிட்டது. மூத்தவளுக்கு அந்த வயதில் வெள்ளைச் சட்டையும் மலர்முடியும் மெழுகுதிரியுமாகப் படமெடுத்துச் சுவரிலே மாட்டியிருக்கின்றார்கள். இந்தப் பிள்ளைக்கோ பேச்சு வரவில்லை. பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்க இயலாது. பூசை நேரத்தில் கைகளைத் தட்டும். சில வேளைகளில் உரத்துச் சத்தமிடும். "சுவாமி என்ன சொல்லுவாரோ" என்று தாய் தயங்குகின்றாள். கேட்டு மறுக்கப்படுவதைவிடக் கேளாமலே இருந்துவிடுவது மேல் என்று தந்தை எண்ணிக்கொள்கின்றார். இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளை இருபது வயது இளைஞனாகியும், ஆண்டவரின் திருவுடலை ஒருமுறையேனும் உட்கொள்ளாதவனாகவே இருந்துவிடுகின்றான்.

இத்தகைய குடும்பங்களுக்காகவும், அவர்களுக்கு அடுத்த வாங்கில் அமர்ந்திருக்கும் நமக்காகவும் இவ்வாரம் எழுத விரும்புகின்றேன்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு தரும் கணக்கு ஒன்று உண்டு. நம் நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள் நூற்றுக்கு 8.7 பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இடர்ப்படுபவர்கள். இவர்களுள் பார்வை மங்கிய, முழங்கால் தளர்ந்த முதியோரும் பலர் உள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் கணக்குப் பாருங்கள். ஆயிரம் பேர் கொண்ட ஒரு பங்கில் இவர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோராய் இருத்தல் வேண்டும். ஞாயிறு திருப்பலியில் நம் கண்ணிற் படுவோர் எத்தனை பேர்? எஞ்சியோர் வீட்டில் இருக்கின்றார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காகத் தாயோ சகோதரியோ கூட வீட்டில் இருக்கின்றாள். ஒருவருக்கு ஆலயக் கதவு அடைபடும்போது இருவருக்கு அடைபடுகின்றது.

திருத்தூதர் பணிகள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், பிறவியிலேயே கால் ஊனமுற்ற மனிதர் ஒருவரைச் சந்திக்கின்றோம். நாள்தோறும் அவரைச் சிலர் சுமந்துவந்து கோவிலின் அழகுவாயில் அருகே வைத்துவிட்டுச் செல்வார்கள். சுமந்து வந்தவர்கள் நல்லவர்களே. நாள் தவறாமல் வந்தவர்கள். ஆனால் வாயில்வரை சுமந்தவர்களுக்கு உள்ளே சுமந்து செல்லும் எண்ணம் வரவில்லை. உள்ளே போகிறவர்கள் பிச்சையிட்டார்கள்; அதனோடு தங்கள் கடமை நிறைவுற்றதென்று எண்ணினார்கள். பேதுருவும் யோவானும் வந்த பின்னரே அம்மனிதர் முதன்முறையாக அவர்களோடு கோவிலுக்குள் நுழைகின்றார். நம் ஆலயங்களின் முன்மண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அழகுவாயில் நினைவுக்கு வரும். சக்கர நாற்காலியில் இருப்பவரும், அமைதியாக இருக்கமாட்டாத பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாயும் அங்கேதான் நிற்கின்றார்கள். ஒலிபெருக்கியில் பூசை கேட்கின்றது, பீடம் தெரிவதில்லை.

இவர்களைக் குறித்து மறைநூலில் நாம் முதலில் தேடுவது குணமாக்கும் புதுமைகளையே. பார்வையற்றவர் பார்த்தார், முடக்குவாதமுற்றவர் நடந்தார் என்னும் பகுதிகள் நமக்கு மனப்பாடம். அவை நம் விசுவாசத்தின் செல்வங்கள். ஆனால் குணமடையாத பிள்ளையை முப்பது ஆண்டுகளாக வளர்க்கும் ஒரு தாய்க்கு, அந்தப் பகுதிகள் மட்டும் வாசிக்கப்படும்போது என்ன நேர்கின்றது? "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாமற் சொல்லிவிடுகின்றோம். சிலர் சொல்லியும் விடுகின்றார்கள். குணமளிக்கும் வழிபாடு எங்கு நடந்தாலும் அந்தத் தாயைப் போகச் சொல்லுகின்றார்கள். போய்த் திரும்பி வந்தபின் அவளைப் பார்க்க ஒருவரும் போவதில்லை.

குணமாக்கப்படாத ஒருவரின் வரலாறும் விவிலியத்தில் இருக்கின்றது. அதை நாம் போதிய அளவு வாசிப்பதில்லை. சவுல் அரசரின் பேரனும் யோனத்தானின் மகனுமாகிய மெபிபொசேத்தைப் பற்றிய வரலாறு அது (2 சாமுவேல் 4:4, 9:1-13). போர்க்களத்தில் பாட்டனும் தந்தையும் மாண்ட செய்தி வந்தபோது பிள்ளைக்கு வயது ஐந்து. செவிலித்தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை விழுந்தான். இரு கால்களும் முடமாயின.

அன்பானவர்களே, போர்ச் செய்தி கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எத்தகையது என்று வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டுடன் போர் முடிவுற்றது. ஆனால் எறிகணையாலும் கண்ணிவெடியாலும் இழந்த கால்கள் அந்த ஆண்டோடு திரும்பி வந்துவிடவில்லை. அந்தச் செவிலித்தாய் பிறகு என்ன பாடுபட்டிருப்பாள் என்று மறைநூல் கூறவில்லை. தன் கையிலிருந்து விழுந்த பிள்ளையைப் பற்றி ஆயுள் முழுவதும் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்கும் தாய்மாரை அறிந்தவர்கள் அதை ஊகித்துக்கொள்வார்கள்.

மெபிபொசேத்து வளர்ந்து லோதபார் என்னும் இடத்தில், பிறர் வீட்டில், ஒதுங்கி வாழ்கின்றார். தாவீது அரசராகின்றார். யோனத்தானை நினைத்து, அவன் குடும்பத்தில் எவரேனும் எஞ்சியுள்ளனரா என்று விசாரிக்கின்றார். சீபா என்னும் பணியாளன், யோனத்தானின் மகன் ஒருவன் இருக்கிறான், அவன் கால் ஊனமுற்றவன் என்று சொல்லுகின்றான். தாவீது அதைப் பற்றி மேலும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று மட்டுமே கேட்கின்றார். ஆளனுப்பி அழைப்பிக்கின்றார். அஞ்சி முகங்குப்புற விழுந்து, தன்னைச் செத்த நாயென்று தாழ்த்திப் பேசும் அந்த மனிதரிடம், நீ நாளும் என் பந்தியில் உணவருந்துவாய் என்கின்றார். பாட்டனின் நிலங்களையும் அவருக்கே மீட்டுக் கொடுக்கின்றார். அதிகாரத்தின் இறுதி வசனத்தைத் திறந்து பாருங்கள். மெபிபொசேத்து எருசலேமிலே வாழ்ந்தார், அரசரின் பந்தியில் எப்போதும் உணவருந்தினார், அவருக்கு இரு கால்களும் ஊனமுற்றிருந்தன என்று முடிகின்றது. புதுமை எதுவும் நிகழவில்லை. அவர் அந்தக் கால்களுடனேயே அரச புதல்வர்களுக்கு நிகராக அமர்ந்திருக்கின்றார்.

இதே நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், தாவீது எருசலேமைக் கைப்பற்றிய நிகழ்ச்சியோடு இணைத்து ஒரு வழக்குமொழி சொல்லப்படுகின்றது. பார்வையற்றோரும் முடவரும் இல்லத்துக்குள் நுழையலாகாது என்பதே அது (5:8). யாருடைய பேரால் அந்த வழக்கு ஏற்பட்டதோ, அவரே நான்கு அதிகாரங்கள் கழித்து ஒரு முடவரைத் தம் பந்தியிலே அமர்த்துகின்றார். பின்னர், தாவீதின் மகன் என்று மக்கள் ஆர்ப்பரித்து வரவேற்ற நம் ஆண்டவர், எருசலேம் கோவிலிலிருந்து வணிகரைத் துரத்திய அந்த நாளிலேயே, பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் கோவிலினுள் அவரிடம் வந்தார்கள் என்று மத்தேயு எழுதுகின்றார் (21:14). விற்போர் வெளியே போனார்கள். விலக்கப்பட்டிருந்தோர் உள்ளே வந்தார்கள். விருந்தளிக்கும்போது யாரை அழைக்கவேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் பட்டியலையும் இதனோடு சேர்த்து வாசியுங்கள். ஏழைகள், உடல் ஊனமுற்றோர், கால் ஊனமுற்றோர், பார்வையற்றோர் என்று அது செல்லுகின்றது. நம் வீட்டுத் திருமண அழைப்புப் பட்டியல் எவ்வாறு செல்லுகின்றது என்பதை நாமறிவோம்.

பந்தியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் ஒரு கத்தோலிக்கப் பெற்றோருக்கு இரு புதல்வர் இருந்தனர். இருவரும் கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள். லூர்து அன்னையிடம் செல்லும் மறைமாவட்டத் திருயாத்திரையில் சேர்ந்துகொள்ள அவர்கள் கேட்டபோது, பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, மற்ற யாத்திரிகருக்கு இடைஞ்சலாகும் என்று மறுக்கப்பட்டது. அவர்கள் தாமாகவே புறப்பட்டுப் போனார்கள். லூர்தில் அவர்களுக்கு இடம் தந்த விடுதி, ஒரு நிபந்தனையோடுதான் தந்தது. மற்ற விருந்தினருடன் அமராமல், அறைக்குள்ளேயே உணவருந்த வேண்டும். அன்னையின் திருத்தலத்துக்கு வந்தவர்களுக்கு உணவு மேசையில் இடமில்லை.

அந்தப் பெற்றோரின் மனவேதனையிலிருந்து ஒரு பெரிய காரியம் பிறந்தது. 1971ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி, 15 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 12,000 பேர் லூர்து நகரில் கூடினார்கள். அவர்களுள் 4,000 பேர் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள். மற்றவர்கள் அவர்களின் பெற்றோரும் நண்பர்களும். 'விசுவாசமும் ஒளியும்' என்னும் இயக்கம் அவ்வாறே உருவாயிற்று. பெற்றோர், பிள்ளைகள், இளைஞர் நண்பர்கள் ஆகியோர் சிறு குழுவாக மாதந்தோறும் கூடிச் செபித்து, உண்டு, பாடிக் களிப்பதே அதன் வழி. யாத்திரையை ஒழுங்குசெய்தவர்கள் மரி-எலேன் மத்தியு அம்மையாரும் ஜீன் வனியேயும். வனியே பெண்கள் பலரைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கினார் என்பதை, அவர் நிறுவிய 'லார்ஷ்' அமைப்பே 2020இலும் 2023இலும் ஆய்வறிக்கைகளாக வெளியிட்டு உலகுக்கு அறிவித்தது. அதை விடுத்து அவர் பெயரை மட்டும் எழுதுவது, துன்புற்றவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். அறைக்குள்ளே உணவருந்திய அந்தக் குடும்பத்திலிருந்தே இக்காரியம் தொடங்கியது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

சரி, நம் பங்குக்கு வருவோம். முதல்நன்மையைப் பற்றித் திருச்சபை உண்மையில் என்ன சொல்லுகின்றது? பலரும் எண்ணுவதைவிட அது தாராளமானது. 1910இல் புனித பத்தாம் பயஸ் சிறுவருக்கு நற்கருணையின் வாயிலைத் திறந்துவிட்டபோது, முழு ஞானோபதேசமும் மனப்பாடமாக இருக்கவேண்டுமென்று கேட்கவில்லை. நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிதலையும், அப்பிள்ளையின் வயதுக்கேற்ற பக்தியையுமே கேட்டார். உடலாலும் உள்ளத்தாலும் குறைபாடுடையோருக்கு அவர்களின் நிலை அனுமதிக்கும் அளவுக்கு மறைக்கல்வி அளிக்கப்படச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டத்தின் 777ஆம் எண் விதிக்கின்றது. திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007இல் நற்கருணை பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் இன்னும் ஒரு படி சென்றார். திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்ற அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கு, இயன்றவரை நற்கருணை வழங்கப்பட வேண்டும் என்றும், அவர்களை உடன்கொண்டு நடக்கும் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் அதைப் பெறுகின்றார்கள் என்றும் அவர் கற்பித்தார்.

இந்தக் கடைசிக் கருத்தைச் சற்று நிதானித்துச் சிந்திப்போம். கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது, விசுவசிக்கிறாயா என்று கேட்கும் கேள்விக்குக் குழந்தை பதிலளிப்பதில்லை. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகின்றார்கள். நாம் அதை ஏற்று நீரை ஊற்றுகின்றோம். அதே பிள்ளை பத்து வயதிலும் பேசாதிருக்கும்போது மட்டும், வாயால் விடை சொன்னால்தான் என்று ஏன் நிற்கின்றோம்? நால்வர் கூரையைப் பிரித்து இறக்கிய முடக்குவாதமுற்றவரை நினைத்துக்கொள்ளுங்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்றே மாற்கு எழுதுகின்றார் (2:5). 2020இல் வெளியான மறைக்கல்விக்கான பொது வழிகாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு அருளடையாளங்களை எவரும் மறுத்தல் ஆகாது என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. அவர்களே மறைக்கல்வி ஆசிரியராகவும் பணியாற்றலாம் என்றும் விரும்புகின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2016 ஜூனில் மாற்றுத்திறனாளிகளைச் சந்தித்தபோது, எல்லோரையும் ஏற்க மனமில்லையெனில் ஆலயக் கதவையே மூடிவிடுங்கள் என்று சொல்லுமளவுக்குக் கடிந்துகொண்டார்.

ஆயத்தம் செய்வது எவ்வாறு என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெனீவாவின் ஆயராயிருந்த புனித பிரான்சிஸ்கு சலேசியாருக்கு ஒரு செவிப்புலனற்ற இளைஞர் அறிமுகமானார். மார்ட்டின் என்பது பெயர். பேசவும் கேட்கவும் இயலாதவருக்கு மறையுண்மை எட்டாது என்று பலர் எண்ணிய காலம் அது. ஆயர் அந்த இளைஞரைத் தம் இல்லத்தில் சேர்த்து, சைகைகளை உருவாக்கித் தாமே கற்பித்து, ஆயத்தப்படுத்தி, நற்கருணையும் வழங்கினார். அதனாலேயே எழுத்தாளருக்கும் பத்திரிகையாளருக்கும் பாதுகாவலரான அப்புனிதர், செவிப்புலனற்றோருக்கும் பாதுகாவலராகப் போற்றப்படுகின்றார். ஒரு மறைமாவட்டத்தின் ஆயருக்கு அதற்கு நேரம் கிடைத்தது.

நம் பிள்ளைகளுக்கும் படம், பாட்டு, தொட்டுப் பார்த்தல் எல்லாம் மொழியாகும். ஆளில்லாத வேளையில் ஆலயத்துக்கு அழைத்துச் சென்று பீடத்தைத் தொடவிடலாம். அர்ச்சிக்கப்படாத அப்பத்தைச் சுவைத்துப் பழகவைக்கலாம். வாயில் புதிய பொருள் பட்டால் துப்பிவிடும் பிள்ளைகளுக்கு இது மிக அவசியம். விழுங்குவதில் இடர்ப்படுவோருக்கு அப்பத்தின் சிறு துணுக்கே போதுமானது. அதுவும் இயலாதெனில், தேவை கருதித் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 925ஆம் எண் இடமளிக்கின்றது. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தயங்காமற் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கியின் இரைச்சலும் திருநாள் வெடிகளும் உண்மையான உடல்வேதனையைத் தரும். திருநாட் சபையினர் இதைக் காதிற் போட்டுக்கொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகமே, ஆனாலும் சொல்லிவைக்கின்றேன்.

படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வையற்றவர் முன் தடைக்கல்லை வைக்காதே என்பது லேவியர் நூலின் கட்டளை (19:14). 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்நாட்டில் இயற்றப்பட்டது. 2006இல் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் வந்தன. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. நமக்குச் சட்டம் வந்து சொல்ல வேண்டியதில்லை. புதிய கோபுரத்துக்கும் மணிக்கும் வெளிநாட்டிலிருந்து நன்கொடை சேர்க்கும் பங்குகளுக்கு, ஒரு சாய்தளத்துக்கான சீமெந்தும் மணலும் பெரிய செலவல்ல. அமைக்கும்போது பக்கவாயிலில் மட்டும் அமைத்து நின்றுவிடாதீர்கள். நற்கருணை வாங்க முன்னே செல்லவும், வாசகம் வாசிக்கப் பீடத்தருகே ஏறவும் வழி வேண்டும்.

ஏனெனில் அவர்கள் பெறுவதற்கு மட்டும் வருபவர்களல்லர். செபமாலை முடிவில் நாம் சொல்லும் 'கிருபை தயாபத்து' செபத்தை அறியாத கத்தோலிக்க வீடு நம்மிடையே இல்லை. அதன் இலத்தீன் மூலத்தை இயற்றியவர், 1013 முதல் 1054 வரை வாழ்ந்த முத்திப்பேறுபெற்ற ஹெர்மன் என்பது நெடுநாளைய மரபு. அவர் தாமாக எழுந்து நிற்கவும் இயலாதவர், பேச்சும் தெளிவற்றது. ஏழு வயதில் ரைக்கனாவ் துறவுமடத்தில் அவரைப் பெற்றோர் ஒப்படைத்தார்கள். துறவிகள் அவரைச் சுமந்தார்கள். அவர் அவர்களுக்குக் கணிதமும் வானியலும் இசையும் கற்பித்தார், வரலாறும் எழுதினார். அன்றைய துறவிகள் அந்தச் சிறுவனை வாயிலிலேயே நிறுத்தியிருந்தால், அவர் எழுதிய எதுவும் நமக்குக் கிடைத்திராது.

இனி, குடும்பத்தாரைப் பற்றி. நம் மத்தியில் நல்ல நிறுவனங்கள் உண்டு. கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கின்றது. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால்கள் செய்து பலரை மீண்டும் நடக்கவைத்தது. கோண்டாவிலில் சைவப் பெருமக்களின் சிவபூமிப் பாடசாலை, அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை அன்போடு ஏற்கின்றது. அதைக் கண்டு நாம் கற்கவேண்டியது நிறைய உண்டு. ஆனால் பாடசாலை பிற்பகலில் முடிந்துவிடும். இரவு முழுவதும் விழித்திருப்பவள் தாய். அவளுக்கு அரைநாள் ஓய்வு தருவதற்கு நிறுவனம் தேவையில்லை, அயல்வீடு போதும். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் டி போல் சபையினரும் அன்பியக் குழுவினரும், வீடு சந்திக்கப் போகும்போது செபித்துவிட்டு எழுந்து வராமல், "நாங்கள் பிள்ளையோடு இருக்கிறோம், நீங்கள் பூசைக்குப் போய்வாருங்கள் அக்கா" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் பிள்ளையையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். பூசையில் பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்தத் திரும்பிப் பார்க்கும் பார்வையே பல குடும்பங்களை ஆலயத்திலிருந்து அனுப்பிவிட்டது.

பிறவியில் பார்வையற்றவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதை ஆண்டவர் அப்போதே மறுத்துவிட்டார் (யோவான் 9:3). ஆயினும் நம் ஊர்களில் அக்கேள்வி இன்னும் ஓயவில்லை. மகளின் திருமணப் பேச்சு நடக்கும் நாளில் தம்பியைப் பின்னறையில் வைக்கும் வீடுகள் அதனாலேயே உள்ளன. பெண் கேட்டு வருகின்ற கத்தோலிக்கக் குடும்பம் தானாகவே, "தம்பியையும் கூப்பிடுங்கள், பார்ப்போம்" என்று சொன்னால், அந்த வீட்டில் எத்தனை ஆண்டுப் பாரம் இறங்கும்!

எல்லாவற்றிலும் பெரிய பாரம் வேறொன்று. எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர் வாய்விட்டுக் கேளாமல் மனத்துள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" மற்றப் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கின்றார்கள், பணம் வரும், ஆள் வர இயலாது. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் திருமுழுக்கு நாளில் திரியேந்தி நின்ற ஞானத்தந்தையும் ஞானத்தாயும் எங்கே? பிள்ளையின் குறைபாடு தெரியவந்த பின் அந்த வீட்டுப் படி ஏறாத ஞானப்பெற்றோர் இருப்பின், இன்றைக்கே போய்வாருங்கள். அவர்கள் இறந்திருப்பின், பங்கின் அருட்பணிச் சபை அவர்களின் இடத்தில் ஒரு குடும்பத்தை ஏற்படுத்தலாம். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அப்பிள்ளைக்கு அந்த முகங்கள் பழகட்டும். மருந்தின் பெயரும், உணவு வழக்கமும், எதற்கு அஞ்சுவான் எதற்குச் சிரிப்பான் என்பதும் ஒரு கொப்பியில் எழுதி இரண்டு வீடுகளிலாவது இருக்கட்டும்.

தொடங்குவதற்கு வழி தேடும் பங்குகளுக்கு ஒன்று கூறலாம். ஆலய அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கின்றது. உறுதிபூசுதல் பெற்றவர்களின் பெயருக்கு எதிரே ஓரத்தில் அக்குறிப்பு எழுதப்படுவது வழமை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்று, ஊரிலேயே வாழ்ந்தும், அந்த ஓரம் வெறுமையாக உள்ள பெயர்கள் சில இருக்கும். அவற்றுட் சில ஊரை விட்டுப் போனவர்களுடையவை. சில, பின்னறையில் இருப்பவர்களுடையவை. மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரும் ஊர்நிலை அறிந்த மூத்த தாய் ஒருவரும் பங்குத்தந்தையுடன் அமர்ந்தால், ஒரு மாலைப்பொழுதில் அந்தப் பட்டியலை எழுதி முடித்துவிடலாம்.